காவிரிக்காக நாடாளுமன்றத்தை முடக்கியது சரியா?

கேள்வி – 13 ஏப்ரல் 2025

நீடாமங்கலம் பக்கத்து வாசகர் ஒருவர்: "2018ல் நம்ம எம்.பி.க்கள் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு மக்களவையை வாரக்கணக்கில் நடக்கவிடாமல் செய்தார்கள். அதனால்தான் அந்த ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது. இன்று ஆளுநர் மசோதாக்களை நிறுத்தி வைத்தால் மட்டும் ஜனநாயகப் படுகொலை என்கிறோம். நாம் மறித்தால் போராட்டம், அவர் மறித்தால் அராஜகமா? அண்ணன் ஊராட்சியில் துணைத் தலைவராக இருந்தவர். அவரே சொல்லட்டும்."

14 ஏப்ரல், காலை

ஆணையம் வந்ததற்கும் அவையில் போட்ட கூச்சலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள் தம்பி. வரிசையைப் பாருங்கள்.

காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5ல் வந்தது. அது மத்திய அரசிதழில் ஏற 2013 பிப்ரவரி 19 வரை ஆனது. அதுவும் உச்ச நீதிமன்றம் நெருக்கியதால். ஆறு வருடம் ஒரு தீர்ப்பு அச்சில் ஏறாமல் கிடந்தது. அதைக் கிடப்பில் வைத்தவர்கள் எந்தப் பதாகையும் பிடிக்கவில்லை, எந்த மைக்கையும் பிடுங்கவில்லை. தலைப்புச் செய்தியிலும் அவர்கள் பெயர் வரவில்லை.

அப்புறம் 2018 பிப்ரவரி 16ல் உச்ச நீதிமன்றம் நமக்கு 177.25 டி.எம்.சி. என்று முடித்து, ஆறு வாரத்துக்குள் செயல்திட்டம் கொண்டுவரச் சொன்னது. மார்ச் 29ல் கெடு முடிந்தது. அதன் பிறகு மத்திய அரசு நீதிமன்றத்துக்கே போய், செயல்திட்டம் என்று நீங்கள் எதைச் சொன்னீர்கள் என்று விளக்கம் கேட்டது. தமிழ்நாடு அவமதிப்பு வழக்குப் போட்டது. நடுவில் மே 12ல் கர்நாடகத் தேர்தல். அதன் அர்த்தத்தை டெல்டாக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டாம். ஜூன் 1ல் அரசிதழ் அறிவிப்பு. இந்த வரிசையில் மக்களவைக் கூச்சலுக்கு எங்கே இடம் இருக்கிறது?

அந்தக் கூச்சலுக்கு நடுவே நடந்தது வேறொன்று. 2018 மார்ச் 14 அன்று மக்களவை அந்த ஆண்டின் நிதி மசோதாவை விவாதமே இல்லாமல், அரை மணி நேர அளவில் நிறைவேற்றியது. நாட்டின் மொத்த வரவு செலவும் அதற்குள் போய்விட்டது. அதற்குள்ளேயே இன்னொரு திருத்தமும் இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்களிடம் கட்சிகள் வாங்கிய நன்கொடையை 1976 ஆகஸ்ட் வரை பின்னோக்கிப் போய்ச் சரியாக்குகிற திருத்தம். 2014ல் டெல்லி உயர் நீதிமன்றம் காங்கிரஸ், பாஜக இரண்டுமே அந்தச் சட்டத்தை மீறியதாகச் சொல்லியிருந்தது. அதற்கான மருந்து அது. நம்ம ஆட்கள் "வேண்டும் வேண்டும் காவிரி வாரியம் வேண்டும்" என்று அவை நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் இது கடந்து போனது.

நம்பிக்கையில்லாத் தீர்மானமும் அப்படியே. தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் மார்ச்சில் நோட்டீஸ் கொடுத்தன. அவை ஒழுங்கில் இல்லை, எழுந்து நிற்கும் ஆதரவாளர்களை எண்ண முடியவில்லை என்று சபாநாயகர் எடுத்துக்கொள்ளவே இல்லை. ஜூலை 20ல்தான் எடுத்தார்கள். மார்ச்சில் அந்தச் சத்தத்தால் நிம்மதியாக இருந்தது யார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

14 ஏப்ரல், இரவு

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சத்தத்துக்கு என்ன விலை, அதை யார் கொடுத்தார்கள் என்றுதான் சொன்னேன்.

17 ஏப்ரல்

ஆளுநர் விஷயம். இந்த மாதம் 8ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று சொல்லிவிட்டது. அரசும் ஆளுநர் கையெழுத்தோ குடியரசுத் தலைவர் கையெழுத்தோ இல்லாமல் அரசிதழில் போட்டுவிட்டது. பட்டாசு வெடித்தவர்களைப் பார்த்தேன்.

அந்தப் பத்தில் இரண்டு 2020ல், அதிமுக ஆட்சியில் நிறைவேறியவை. அதில் ஒன்று நம்ம நாகப்பட்டினத்தில் இருக்கிற மீன்வளப் பல்கலைக்கழகத் திருத்த மசோதா. ஆட்சி மாறியது, முதல்வர் மாறினார், ஆளுநரும் மாறினார். காகிதம் மட்டும் மேசையிலேயே இருந்தது. ஆக, இதைத் திமுகவுக்கும் ஆளுநர் ரவிக்கும் நடக்கிற சண்டை என்று மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். 2023 நவம்பர் 13ல் பத்தையும் திருப்பி அனுப்பினார், 18ம் தேதி சிறப்புக் கூட்டம் போட்டுச் சபை மறுபடி நிறைவேற்றியது. திரும்ப வந்தால் ஒப்புதல் தர வேண்டும் என்பது 200வது பிரிவு. அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார்.

அந்தப் பிரிவில் 'கூடிய விரைவில்' என்று இருக்கிறதே தவிர, நாள் கணக்கு இல்லை. அடுத்த பிரிவில் குடியரசுத் தலைவருக்கும் நாள் கணக்கு இல்லை. 1949ல் எழுதியவர்கள், பதவியில் இருப்பவருக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கும் என்று நம்பிவிட்டார்கள்.

தம்பியின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. எம்.பி. மறிப்பதும் மறிப்புதான், ஆளுநர் மறிப்பதும் மறிப்புதான். ஒரு வித்தியாசம்: எம்.பி. மறிக்கும்போது தொலைக்காட்சியில் அவர் முகம் தெரிகிறது. ஊருக்கு வந்தால் நாலு பேர் கேட்பார்கள், அடுத்த தேர்தலில் அவரே ஓட்டுக் கேட்டு வந்து நிற்க வேண்டும். மசோதாவைக் கிடப்பில் வைத்திருப்பவர் யாரிடமும் வந்து நிற்க வேண்டியதில்லை.

2 மே

நேற்று கிராம சபை. எங்கள் ஊரில் தலைவர் இல்லை, துணைத் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களிலும் இந்த ஜனவரி 5ம் தேதியோடு பதவிக்காலம் முடிந்துவிட்டது. தனி அலுவலர் ஆட்சி. அதற்கு முன்பும் 2016லிருந்து 2019 வரை இதே கதைதான். தேர்தலை நடத்தாமல் இருப்பதும் மறிப்பு இல்லையா? மாநில உரிமைக்காகச் சட்டசபையில் முழங்குகிறவர்கள், ஊராட்சி என்று வந்தால் தாங்களே ஆளுநர் ஆகிவிடுகிறார்கள். மறுவரையறை, இட ஒதுக்கீட்டுச் சுழற்சி, வழக்கு என்று காரணம் எப்போதும் தயார். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், இரண்டும்தான்.

நேற்றைய கூட்டத்தில் குளத்துக்கரை ஆக்கிரமிப்பு பற்றி ஒரு பாட்டி கேட்டார். "மேலே எழுதுகிறோம்" என்றார்கள். அந்த 'மேலே' எங்கே இருக்கிறது என்று பாட்டி கேட்டதுதான் கூட்டத்தின் சிறந்த கேள்வி.

9 மே

துணைத் தலைவர் கதையைக் கேட்டீர்கள். எழுதுகிறேன், நீளும்.

ஊராட்சியில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். செக் போய் ஆன்லைன் வந்த பிறகும் இரண்டு பேர் ஒப்புதல் என்பது மாறவில்லை. ஒருவர் திருடினால் இன்னொருவர் பிடிக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு. நடைமுறையில் துணைத் தலைவர் என்பவர் கையெழுத்துப் போடாமல் இருக்கும் அதிகாரம் மட்டுமே உள்ள மனிதர். வேறு வேலையே கிடையாது. பல ஊர்களில் பட்டியலினத் தலைவரை ஒன்றும் செய்யவிடாமல் அடக்குவதற்கு மற்ற சாதித் துணைத் தலைவர்கள் பிடித்திருக்கும் ஆயுதமும் இந்தக் கையெழுத்துதான். இதில் மாவட்ட ஆட்சியர் ஊராட்சிச் சட்டம் 203வது பிரிவின் அவசர அதிகாரத்தைக் கையில் எடுத்த செய்திகளைப் படித்திருப்பீர்கள்.

எங்கள் தலைவர் ஒரு பெண். பேசுவது அவர் வீட்டுக்காரர். ஒரு நாள் குளம் தூர்வாரிய பில் வந்தது. நான் தினமும் அந்தக் குளத்துக்கரை வழியாகத்தான் வயலுக்குப் போகிறேன். கரையோரம் சுரண்டியிருந்தார்கள், நடுக்குளத்தை மண்வெட்டி தொடவில்லை. போட மாட்டேன் என்றேன்.

அந்தச் சுகத்தை மறைக்க விரும்பவில்லை. அதுவரை டீக்கடையில் என்னைக் கண்டுகொள்ளாதவர்கள் நாற்காலி நகர்த்தினார்கள். ஒப்பந்தக்காரர் வண்டி வீட்டு வாசலில் நின்றது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு மரியாதையா என்று என் மனைவியே சிரித்தாள். ஆளுநர் மாளிகையில் என்ன ருசி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அவர்கள் செய்தது என்ன தெரியுமா? அந்தப் பில்லைத் தனியாகக் கொண்டுவரவில்லை. தெருவிளக்கு சாமான், ப்ளீச்சிங் பவுடர், மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் சம்பளம், குளம் எல்லாவற்றையும் ஒரே தீர்மானத்தில் கட்டி வைத்தார்கள். போட்டால் எல்லாவற்றுக்கும் போடு, இல்லையென்றால் எதுவும் இல்லை. நிதி மசோதாவுக்குள் கட்சி நன்கொடையைச் செருகியதைப் படித்தபோது எனக்கு அந்த நோட்டுப் புத்தகம்தான் கண்ணில் வந்தது.

கொஞ்ச நாளில் தொட்டி ஆபரேட்டர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். என்னைவிட வயதில் பெரியவர். "உங்க நியாயம் உங்களோட இருக்கட்டும் தம்பி, நான் மளிகைக் கடைக்காரனுக்கு என்ன சொல்ல?" என்றார். சண்டை எனக்கும் தலைவர் வீட்டுக்காரருக்கும். பட்டினி அவருக்கு.

மறுநாள் தீர்மான நோட்டிலேயே எழுதினேன்: இன்ன இன்ன செலவுக்கு ஒப்புதல், குளம் வேலைக்கு மட்டும் மறுப்பு, காரணம் நடுப்பகுதியில் வேலை நடக்கவில்லை, அளந்து பார்க்கக் கோருகிறேன். தேதி போட்டுக் கையெழுத்து. அதை வைத்துத்தான் ஒன்றியப் பொறியாளர் வந்து டேப் பிடித்தார். பில் தொகை குறைந்தது, நான் போட்டேன். ஆபரேட்டர் சம்பளம் தீபாவளி கழித்து வந்தது.

பில்லை நிறுத்தியது சரி. இன்றும் நிறுத்துவேன். வேலை நகர்ந்தது நான் நிறுத்தியதால் இல்லை, காரணத்தை எழுதியதால், அளக்க இன்னொரு ஆள் வந்ததால். மறிக்கிற உரிமையை யாரிடமிருந்தும் பிடுங்க வேண்டாம். மறிப்பவன் எதை மறிக்கிறான், ஏன் மறிக்கிறான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் கெடு வேண்டும். கெடு தாண்டினால் முடிவு வேறு கைக்குப் போக வேண்டும். எனக்குத் தெரிந்த அரசியல் சீர்திருத்தம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் மேடைப் பேச்சு.

10 மே

"அண்ணே, உங்க மனைவி பேரை அடுத்த தேர்தலில் நிறுத்துங்க, நீங்க பின்னாடி பேசலாம்" என்று எழுதியவருக்கு: அவள் படித்துவிட்டாள். உங்கள் நம்பரைக் கேட்கிறாள்.

15 ஜூன்

12ம் தேதி மேட்டூர் திறந்துவிட்டார்கள். எங்கள் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் இன்னும் கொஞ்சம் எழுதலாம்.

எம்.பி.க்களுக்கு வேறு வழி என்ன இருக்கிறது என்ற கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஏப்ரல் 14ம் தேதி காலை எழுதியதில் அவர்களைக் கொஞ்சம் ஓங்கியே அடித்திருக்கிறேன். 2014ல் அதிமுகவிலிருந்து 37 பேர் போனார்கள். மக்களவையில் மூன்றாவது பெரிய கட்சி. முப்பத்தேழு பேரும் காவிரி பற்றி ஒரு நாள் முழுக்க விவாதம் வேண்டும் என்று கேட்டால், கிடைக்குமா என்பது சபாநாயகர் கையில். பிரிட்டனில் ஒரு கூட்டத்தொடருக்கு 20 நாள் எதிர்க்கட்சிகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். பதினேழு பிரதான எதிர்க்கட்சிக்கு, மூன்று அடுத்த கட்சிக்கு. அன்றைக்கு எதைப் பேசுவது என்பது அவர்கள் முடிவு. நம்மிடம் வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாவுக்கு, அதாவது அமைச்சராக இல்லாத எம்.பி. கொண்டுவரும் மசோதாவுக்கு. எல்லாரும் விமானத்தைப் பிடிக்கிற நேரம். 1970க்குப் பிறகு ஒரு தனிநபர் மசோதாகூட இரண்டு அவையையும் தாண்டிச் சட்டமானது இல்லை.

திமுக எம்.பி. திருச்சி சிவா 2015 ஏப்ரலில் திருநங்கைகள் உரிமை மசோதாவை மாநிலங்களவையில் நிறைவேற்றிக் காட்டினார். தனிநபர் மசோதா ஒரு அவையைத் தாண்டியதே 36 வருடத்தில் அதுதான் முதல் தடவை. மக்களவையில் அது எழுந்திருக்கவே இல்லை. அரசு தன் பங்குக்கு வேறொரு மசோதா கொண்டுவந்து 2019ல் சட்டமாக்கியது. எந்த மக்களுக்காகவோ அவர்களே அதை எதிர்த்துத் தெருவில் நின்றார்கள்.

இன்னொரு பூட்டு கட்சித்தாவல் தடைச் சட்டம். 1985ல் வந்தபோது நானும் கை தட்டியவன்தான், பஸ் பிடித்துக் கட்சி மாறுகிறவர்களைப் பார்த்து வெறுத்துப் போயிருந்த காலம். ஆனால் நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் பட்ஜெட்டுக்கும் மட்டும் கொறடா போதும் என்று நிறுத்தியிருக்கலாம். எல்லா மசோதாவுக்கும் அதே சாட்டை. நெல் விவசாயியின் ஓட்டில் ஜெயித்தவர், நெல்லைப் பற்றிய மசோதாவில்கூடக் கட்சித் தலைமை விரல் காட்டிய பக்கம்தான் கை தூக்க வேண்டும். ஓட்டுக்கு மதிப்பில்லை, பேச்சுக்கு நேரமில்லை என்றால் தொண்டைதான் மிச்சம்.

அந்தத் தொண்டைக்கும் தண்டனை உண்டு. 2019 ஜனவரி 2ல், காவிரியில் கர்நாடகம் கட்ட நினைக்கும் மேகேதாட்டு அணையை எதிர்த்து நின்ற அதிமுக எம்.பி.க்கள் 24 பேரை ஐந்து அமர்வுகளுக்கு நீக்கினார்கள். 2023 டிசம்பரில் இரண்டு அவையிலும் சேர்த்து 146 பேர். அந்த வாரத்தில்தான் குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் மாற்றி எழுதி நிறைவேற்றினார்கள். ஆள் உள்ளே இருந்தால் சத்தத்தில் நிறைவேறுகிறது, வெளியே இருந்தால் அமைதியில் நிறைவேறுகிறது.

16 ஜூன்

மகளிர் இட ஒதுக்கீடு மசோதா ஞாபகம் வந்தது. 1996ல் தேவகவுடா அரசு கொண்டுவந்தது. 1998 ஜூலையில் சட்ட அமைச்சர் தம்பிதுரை அறிமுகப்படுத்தப் போக, ராஷ்டிரிய ஜனதா தள எம்.பி. ஒருவர் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்தார். உலகம் முழுக்கப் பார்த்தது. கிழித்தவரைத் திட்டினோம், சரி. 2010 மார்ச் 9ல் மாநிலங்களவையில் நிறைவேறிய பிறகு மக்களவையில் எடுக்காமலே காலாவதியாக விட்டார்களே, அவர்களை யார் திட்டினார்கள்? 2023 செப்டம்பரில் 454க்கு 2 என்று நிறைவேற்றிவிட்டு, கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் அமல் என்று ஒரு வரி சேர்த்தார்களே, அதை? கிழிப்பதைவிட நாகரிகமான முறை.

தம்பிதுரை பின்னால் 2014லிருந்து 2019 வரை மக்களவைத் துணை சபாநாயகர். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் இதுவரை யாரும் இல்லை. 'கூடிய விரைவில்' தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. 'கூடிய விரைவில்' என்றால் நம்ம நாட்டில் எவ்வளவு நாள் என்று இந்த இழையில் இது இரண்டாவது உதாரணம்.

3 ஆகஸ்ட்

நாற்று விட்டாச்சு. இனி நிலத்துக்கு வருவோம். டெல்டாவில் மறிப்பு என்றால் அதுதான் பெரிய பாடம்.

1952ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கு முதலில் அவசரச் சட்டமும் பிறகு சட்டமும் கொண்டுவந்தது. விளைச்சலில் குத்தகைதாரருக்கு ஐந்தில் இரண்டு பங்கு. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைய, அதற்கு மேல் வைத்திருக்கும் மிராசுதாருக்குத்தான் பொருந்தும். அப்புறம் என்ன, அண்ணன் பேரில் கொஞ்சம், மச்சினன் பேரில் கொஞ்சம் என்று பாகப்பிரிவினை.

1961ல் உச்சவரம்புச் சட்டம். ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், அதாவது நிலத்தின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர். மசோதா சபைக்கு வந்தது 1960 ஏப்ரலில். நாளைக்குக் கூரை பிரிப்பார்கள் என்று முன்கூட்டியே தண்டோரா போட்டது மாதிரி. கரும்பு, தோப்பு, பால் பண்ணை, மேய்ச்சல் நிலம், அறக்கட்டளை, கல்வி நிறுவனம் எல்லாவற்றுக்கும் விதிவிலக்கு. பெண்களுக்குச் சீதன நிலம் தனி. இந்த ஓட்டைகளை அடைக்கச் சொல்லி பி. சீனிவாசராவ் தலைமையில் விவசாயிகள் மறியல் செய்து ஆயிரக்கணக்கில் சிறை போனார்கள். அவர் அந்த வருடமே இறந்தும் போனார். ஓட்டைகள் அப்படியே இருந்தன.

1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. ஜூனில் 17வது அரசியல் சட்டத் திருத்தம் செய்து, நீதிமன்றம் எளிதில் தொட முடியாத ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். 1970ல் வரம்பு 15 ஏக்கர் ஆனது. இரண்டுக்கும் நடுவில்தான் 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு கணபதியா பிள்ளை ஆணையம், 1969ல் கூலிச் சட்டம், 1971ல் குடியிருப்பு மனைச் சட்டம், இரண்டும் பெரிய தடங்கல் இல்லாமல் வந்தன. என்ன விலைக்குப் பிறகு தடங்கல் இல்லாமல் வந்தன என்பதை யோசித்தால் சோறு இறங்காது.

1969ல் வந்த இன்னொன்று குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். இதில் எங்கள் வீடே சாட்சி. அப்பா சாகுபடி செய்தது வாய்மொழிக் குத்தகை. பதிவு வந்தபோது நிலக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்து, பேர் போட்டால் வரும் பட்டத்துக்கு வேறு ஆள் பார்க்கிறோம் என்றார். மிரட்டல் மாதிரியே இல்லை; வெற்றிலை போட்டுக்கொண்டு, குழந்தைகள் படிக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு சொன்னார். அப்பா போடவில்லை. சட்டசபையில் ஒரு குரல்கூட எதிர்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லாமல், எங்கள் திண்ணையில் அந்தச் சட்டம் நின்றுபோனது.

அதன் வட்டியை இன்றும் கட்டுகிறோம். பயிர்க் காப்பீடு, நிவாரணம், கூட்டுறவுக் கடன், எதற்குப் போனாலும் சிட்டா, அடங்கல். குத்தகைக்காரன் பெயர் அதில் இல்லை. பி.எம். கிசான் பணமோ நிலம் பெயரில் உள்ளவருக்குத்தான். உழுகிறவன் கையில் ஒரு ஆதார் அட்டைதான் இருக்கிறது.

5 ஆகஸ்ட்

ஒரு ஐயா கோபமாக எழுதியிருக்கிறார்: மிராசுதார் எல்லாரும் கெட்டவர்களா, கோர்ட்டுக்குப் போனது அவர்கள் உரிமை இல்லையா என்று. உரிமைதான். கோர்ட்டுக்குப் போனவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பெயர் போட்டு, காரணம் எழுதி, வக்கீல் வைத்து வாதாடினார்கள். தோற்றார்கள், ஜெயித்தார்கள். நான் சொல்வது வெற்றிலை போட்டுக்கொண்டு சொன்னவரைப் பற்றி.

26 அக்டோபர்

கொள்முதல் நிலைய வாசலில் நெல்லோடு உட்கார்ந்து எழுதுகிறேன். மழை. தார்ப்பாயில் ஓட்டை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க அனுமதியில்லை, 22 வரை தளர்த்தச் சொல்லி மாநிலம் கேட்டிருக்கிறது, மத்தியக் குழு வந்து பார்க்கிறது. பார்த்து, எழுதி, அனுப்பி, அங்கே யாரோ கையெழுத்துப் போட வேண்டும். நெல்லுக்கு இந்த நடைமுறை தெரியாது, முளைத்துவிட்டது.

20 நவம்பர், இரவு

இன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், ஏப்ரல் தீர்ப்பை ஒட்டிக் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டார்கள். ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் நாள் கெடு வைக்க முடியாது. ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது என்பதும் அரசியல் சட்டத்தில் இல்லை. அதே சமயம் காரணமே சொல்லாமல் காலவரம்பின்றி வைத்திருக்கவும் முடியாது. அப்படி நீண்டால், முடிவெடுங்கள் என்று சொல்கிற அளவுக்கு நீதிமன்றம் தலையிடலாம். சபைக்குத் திருப்பி அனுப்பாமல் சும்மா நிறுத்தி வைப்பதும் கூடாது.

ஏப்ரலில் பட்டாசு வெடித்தவர்கள் இன்று அமைதி. ஏப்ரலில் அமைதியாக இருந்தவர்கள் இன்று வெடிக்கிறார்கள். கும்பகோணத்தில் கலைஞர் பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டசபை ஏப்ரலில் நிறைவேற்றிய மசோதாவும் இப்போது குடியரசுத் தலைவரிடம் போய் நிற்கிறது.

எனக்கு இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. நீதிமன்றம் வைக்கிற கெடுவை நீதிமன்றமே எடுத்துவிடலாம். கெடு அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். ஊராட்சித் தேர்தலுக்கு அங்கே ஏற்கெனவே கெடு இருக்கிறது; அதைத் தாண்டுகிற மாநில அரசை என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும். எழுதப் போவது யார்? எழுதினால் கை கட்டப்படப் போகிறவர்கள்தான். அதனால்தான் எந்தக் கட்சி அறிக்கையிலும் பாதிதான் இருக்கிறது, அடுத்தவனுக்கான பாதி.

23 நவம்பர்

அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் படித்துவிட்டு, மாமா எங்க ஊர் செனட்டைப் பாருங்க என்கிறான். அங்கே அரசு அலுவலகங்கள் அக்டோபர் 1லிருந்து 43 நாள் மூடிக் கிடந்தன. காரணம், செனட்டில் 100க்கு 60 பேர் சம்மதித்தால்தான் செலவு மசோதா மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக முடியும். 53 பேர் வைத்திருக்கும் ஆளும் கட்சிக்கு அது போதவில்லை.

நான் அவனிடம் சொன்னது: உங்கள் ஊரில் முன்பு நியாயமாக மறித்தார்கள். 1957ல் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்துக்கு எதிராகத் தர்மண்ட் என்ற செனட்டர் 24 மணி 18 நிமிடம் தொடர்ந்து பேசினார். நோக்கம் கேவலமானது. ஆனால் நின்றது அவர் கால், வறண்டது அவர் தொண்டை, முகம் வரலாற்றில் பதிந்தது, மசோதாவும் நிறைவேறியது. 1964ல் தென் மாநிலத்தவர் இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தார்கள், கடைசியில் 71க்கு 29 என்று விவாதம் முடிக்கப்பட்டது. 1970களுக்குப் பிறகு யாரும் நின்று பேசவே வேண்டாம், மறிக்கப் போகிறேன் என்று சொன்னாலே போதும் என்றாகிவிட்டது. சுலபமாக்கியதும் எண்ணிக்கை ஏறிவிட்டது.

"அப்போ நீங்க குளத்து பில்லை நின்னுகிட்டே நிறுத்தியிருக்கணும் மாமா" என்றான். அக்கா பையன், என்ன சொல்வது.

2 டிசம்பர்

மழை விடவில்லை, சம்பா தண்ணீரில் நிற்கிறது. அரசியல் போதும்.

குத்தகைப் பதிவு பற்றிக் கேட்ட திருத்துறைப்பூண்டித் தங்கச்சிக்கு மட்டும்: மனு வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். குத்தகை கட்டிய ரசீது இருந்தால் நல்லது. இல்லையென்றால் பக்கத்து வயல்காரர்கள் வாக்குமூலம், பழைய அடங்கல் நகல், உரம் வாங்கிய பில், எது கிடைத்தாலும் தேதி வரிசையில் அடுக்குங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் மேல்முறையீட்டுக்கு உதவாது. கோயில் நிலமாக இருந்தால் ரசீதை லேமினேட் செய்துவிடாதீர்கள். ஜெராக்ஸ் என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள்.